ஒன்பதாம் நம்பர் ஜெர்ஸி

சிராங்கூன் அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைந்ததுமே வேய்ன் பூட்ஸைக் கழற்றி எறிந்தான்.

"சர்ச் ஃபேமிலி டே ஃபுட்பால்னா மரியாதை வேணாமா? அந்த ஒன்பதாம் நம்பர் ஜெர்ஸிக்கு என் காலுக்கு நடுவுலதான் பந்தை விடணுமா? அதுவும் ரெண்டு தடவை!"

"கேம்தானே லா," என்றாள் மனைவி கிளாரிசா.

"கேமா? ரெஃப்ரியா நின்ன ஃபாதரே விசில் ஊத மறந்து சிரிச்சாரு! ஒரு மாசமா வீடியோ பார்த்து, புளோக் கீழ அந்த ட்ரிக்கைப் பழகினது நான். என்கிட்டயேவா அதைக் காட்டுறது?"

"சரி, இப்ப என்ன செய்யணும்?"

"என் முன்னாடி வந்து நின்னு சாரி கேட்கணும். இல்லேன்னா இனிமே சர்ச் பக்கமே வரமாட்டேன்!"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவனுடைய மாமியார் ரெஜினா காப்பியோடு வந்தார். ஒன்பதாம் நம்பர் ஜெர்ஸியை அவர் இன்னும் மாற்றியிருக்கவில்லை. வழக்கம்போல் வேய்னின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"சாரி மாப்பிள்ளை. நீங்க கீழ பழகுறதை ஜன்னல்லேருந்து பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். இன்னைக்கும் உங்க முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத்தான் குனிஞ்சேன். காலுக்கு நடுவுல அவ்வளவு இடம் இருந்துச்சு."