வரேன் என்றவர்

மைசூர் விஜயநகரில் இருக்கும் வைத்யநாதன் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றதும், முகம் தெரியாதவர்களோடும் வானலையில் பேசும் ஹாம் ரேடியோ பொழுதுபோக்கில் இறங்கினார். கையில் தூக்கிச் செல்லும் தன் செட்டுக்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டைப் பொருத்தினார். உரிமத்தோடு அவருக்குக் கிடைத்த அழைப்புக் குறியை, அதாவது வானலையில் அவருடைய அடையாளப் பெயரை, அவர் குரலிலேயே அவ்வப்போது ஒலிபரப்புவது அதன் வேலை. குரலைப் பதிவு செய்தபோது, மனைவி நாகலக்ஷ்மி சமையலறையிலிருந்து "ஏன்னா, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்டதும் அதில் சேர்ந்துகொண்டது. நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு காலை, மேல்கோட்டையிலிருந்து நண்பர் ரங்கு ரேடியோவில் கேட்டார். "மாமி கூப்பிட்ட ஒடனே 'வரேன்'னு சொல்றது யாரு சார்? உங்க குரல் இல்லையே."

வைத்யநாதன் பதிவைப் போட்டுக் கேட்டார். 'வரேன்' இருந்தது. ஓர் ஆண் குரல், மிக அருகில். முன்பு அது இல்லை. வீட்டில் அவர்கள் இருவர்தான்.

அதை அழித்துவிட்டு, நாகலக்ஷ்மியைப் பேசாமல் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி பதிவு செய்தார். போட்டுக் கேட்டார்கள். அழைப்புக் குறி முடிந்ததும், டைனிங் டேபிள் நாற்காலியை யாரோ இழுத்துப் போடும் சத்தம் வந்தது. எழுந்துபோய்ப் பார்க்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

"அந்த போர்டைக் கழட்டிடுங்கோ" என்றாள் அவள். உடனே கழற்றினார்.

அதற்குப் பிறகு அவள் குரல் கொடுத்துக் கூப்பிடுவதில்லை. தட்டு வைத்ததும் அறைக்கு வந்து அவர் தோளைத் தொடுவாள்.

இன்று மதியமும் தோளில் கை பட்டது. வைத்யநாதன் எழுந்தார். சமையலறையில் அவள் அப்பளம் பொரிக்கும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.