தலை தூக்கும் கட்டில்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், சேலையூர் திரு. வேதசிரோமணி அவர்கள், பொத்தானை அமுக்கினால் தலைமாடும் கால்மாடும் தானே உயரும் நவீனக் கட்டில் ஒன்றை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பொருட்டு, சனிக்கிழமை முற்பகல், மனைவி எஸ்தர் சகிதம், குரோம்பேட்டை மெத்தைக் கடையொன்றில் எழுந்தருளினார்.

கடை தன்னை மெத்தைக் கடை என்று ஒத்துக்கொள்ளவில்லை. ‘ஸ்லீப் எக்ஸ்பீரியன்ஸ் சென்டர்’ என்று வாசலில் போட்டிருந்தது. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள்.

இருவரும் ஒழுங்காகத் தூங்கிப் பல மாதமாகிறது.

தூக்கம் கெட்டால் எரிச்சல் வரும் என்பார்கள். அதெல்லாம் ஆரம்பத்தில். பிறகு எரிச்சலும் மரத்துப்போகும். போன ஞாயிறு சர்ச்சில் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் வேதசிரோமணி நின்றுகொண்டே இருந்தார். பாதிரியார் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். அன்று மதியம் எஸ்தர் மீன்குழம்புக்குப் புளி ஊற்ற மறந்துவிட்டாள். அவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு பேருக்குமே வித்தியாசம் தெரியவில்லை.

கழுத்துப் பட்டையில் தனசேகர் என்று பெயர் தொங்கிய விற்பனையாளர், டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விசாரித்தார்.

“சாருக்கு என்ன ப்ராப்ளம் மேடம்?”

“ராத்திரி பூரா பொரண்டுகிட்டே இருக்காரு. கட்டிலே ஆடுது. நானும் தூங்கி எவ்ளோ நாளாச்சு.”

வேதசிரோமணி இதைக் காதில் வாங்காமல் தமது விசாரணையைத் தொடங்கியிருந்தார். சர்வீஸில் இருந்தவரை இரண்டு ஆட்சேபம் எழுதாமல் எந்தக் கோப்பையும் அடுத்த மேசைக்கு அனுப்பாதவர். கட்டிலைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் மோட்டாரைப் பார்த்தார்.

“கரண்ட் போனா தலை தூக்குன மேனிக்கே நிக்குமா?”

“பேட்டரி பேக்கப் இருக்கு சார்.”

“வூட்டுக்குள்ள மழைத்தண்ணி வந்தா? மோட்டார் கீழ இல்ல இருக்கு?”

“சார் எந்த ஏரியா?”

“சேலையூர்.”

தனசேகர் உடனே அவரைப் படுக்கச் சொன்னார்.

விண்வெளி வீரர்கள் இப்படித்தான் படுப்பார்கள் என்று விளக்கம் வந்தது. தலை உயர்ந்தது. முழங்கால் உயர்ந்தது. வேதசிரோமணி பல் டாக்டரிடம் வந்தவர் போல வாயைச் சற்றே திறந்தபடி கிடந்தார். மூச்சு லேசாக வந்தது. அடுத்த பாதியில் எஸ்தர் கைப்பையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு நீட்டி நிமிர்ந்து படுத்தாள். கண்ணை மூடவில்லை.

வாங்கிவிடலாம் என்றுதான் அவருக்குப் பட்டது.

“இதுதான் சார் மெயின்,” என்றார் தனசேகர். எஸ்தரை எழுந்து நிற்கச் சொல்லி, அவள் படுத்திருந்த இடத்தில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். “இப்ப நீங்க பொரளுங்க.”

வேதசிரோமணி புரண்டார்.

“நல்லா வேகமா சார்.”

பழகிய வேலை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் செவ்வனே புரண்டார்.

தண்ணீர் அசையவில்லை. மேலே எரிந்த டியூப்லைட் அதில் கோணாமல் கிடந்தது.

“ரெண்டும் தனித்தனி கட்டில் மேடம். தனித்தனி ரிமோட்டு. இனிமே சார் எவ்ளோ பொரண்டாலும் உங்களுக்குத் தெரியாது. பக்கத்துல ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியாது.”

எஸ்தர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியவே தெரியாதா?”

“சத்தியமா மேடம்.”

அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். “ஏங்க, எந்திரிங்க. இது நமக்கு வேணாம்.”

எந்திரிங்க என்றால் உடனே எழுந்துவிடுகிற கட்டிலா அது. தனசேகர் பொத்தானை அமுக்க, வேதசிரோமணி அவர்கள் ஏறிய கம்பீரத்தோடே, மோட்டார் முனக, அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கினார். இறங்கி முடிகிறவரை மனைவியின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அவர் அசையாமல் நன்றாகத்தான் தூங்கினார். பாதித் தூக்கத்தில் விழிப்புத் தட்டியபோது மூக்கருகே இரண்டு விரல்கள் இருந்தன. மூச்சு வருகிறதா என்று பார்க்கிற விரல்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாளும் வந்தன. அதற்கடுத்த நாளும்.

புரண்டு படுத்தால் வருவதில்லை என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து, தூக்கம் சொக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் ஒரு தடவை புரள்வார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. தாம் புரள்கிற தைரியத்தில் அவள் இடையிலாவது கண்ணயர்கிறாள் என்று நம்பியிருந்தார்.

அவள் ஒவ்வொரு புரளலுக்கும் விழித்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கட்டில் சமமட்டத்துக்கு வந்து நின்றது. எஸ்தர் கை கொடுத்தாள். பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“வெல பாத்து பண்ணித் தரேன் மேடம். எதுனா கொற இருந்தா சொல்லுங்க,” என்றார் தனசேகர்.

“கொறையே இல்ல தம்பி,” என்றாள் எஸ்தர்.

கடையேறிவிட்டு வெறுங்கையோடு இறங்கக் கூடாதே என்று, தலையணை உறை இரண்டு வாங்கினார்கள்.