ஒற்றைச் செருப்பு

நர்ஸ் ஜெபக்கனி வார்டைவிட்டு நகர்ந்தாலே சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு மூச்சு முட்டும். மறுநாள் அவருக்கு இதய ஆபரேஷன். “திரும்பி வருவீயல்லா சிஸ்டர்?” என்று பத்தாவது முறையாகக் கேட்டபோது, அவள் தன் இடதுகால் செருப்பைக் கழற்றிக் கட்டிலோரமாக, அவர் கண்ணில் படும்படி வைத்தாள்.

“செருப்ப விட்டுட்டு எவளாவது வீட்டுக்குப் போவாளா அண்ணாச்சி?”

அன்று முழுக்க ஒற்றைச் செருப்போடுதான் வார்டைச் சுற்றிவந்தாள். மனுஷன் கட்டிலோரம் கிடந்த செருப்பைப் பார்த்தபடியே தூங்கிப்போனார்.

காலையில் தியேட்டர் வாசலில், உள்ளே தள்ளவேண்டிய ஸ்ட்ரெச்சரை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதை அண்ணாச்சி கவனித்தார். போர்வைக்குள் ஒளித்துவைத்திருந்த தன் சொந்தச் செருப்பில் ஒன்றை எடுத்தார். போர்வை நுனியால் அதைத் துடைத்துவிட்டு, கூச்சத்தோடு நீட்டினார்.

“இத வச்சிக்கிடுங்க சிஸ்டர்.”

கதவு சாத்திய பிறகும் ஜெபக்கனி அதைக் கீழே வைக்கவில்லை.