உளவுக்காரனின் காது

“அகதிகளைச் சேர்த்து வைக்கிற ஆப் இது பாபா. உங்க பேரைப் போட்டா, போர்ல தொலைஞ்ச அண்ணன் தேடி வந்துடுவான். உம்மா உசிரைக் கையில பிடிச்சிக்கிட்டுக் கிடக்குறாங்க” என்றாள் ஹாலா.

“பொய்ப் பேரைப் போடு. போனுக்குள்ள உளவுக்காரன் இருப்பான்” என்றார் அவள் தந்தை அபூ கஸ்வான்.

“இது துருக்கி பாபா, சிரியா இல்ல.”

“அவன் காதுக்கு எல்லை ஏதுடி?”

பொய்ப் பேரே ஏறியது. பிறகு ஹாலா அண்ணன் கஸ்வானின் பெயரைத் தேடினாள். அப்படி யாரும் இல்லை என்றது ஆப்.

குளிர்காலம் போனது. ஒரு நாள் காலை ரொட்டிக் கடை வரிசையில் அபூ கஸ்வானுக்கு முன்னால் நின்றவன் திரும்பினான். கஸ்வான்!

கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்ததும் கிழவர் கேட்டார்: “ஆப்புல உன் பேரே இல்லையேடா?”

“நிஜப் பேரைக் கொடுப்பேனா? நான் உங்க பிள்ளையாச்சே! ரெண்டு வருஷமா அடுத்த தெருவுலதான் இருக்கேன். வாங்க, முதல்ல உம்மாவைப் பார்க்கணும்.”

கிழவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

“கபர்ஸ்தான் இந்தப் பக்கம்டா” என்றார்.