அளவுமானி காட்டிய பூஜ்யம்

கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசல் வைக்கும் தொட்டி காலி என்று கட்டுப்பாட்டு அறைத் திரை காட்டியது. அதை நம்பி ஃபிட்டர் அருளப்பன் அடிமூடியைக் கழற்றப் போயிருந்தார். கருவிப் பிரிவு இன்ஜினியர் ஜெனிட்டாவுக்கு மட்டும் அந்தப் பூஜ்யம் உறுத்திக்கொண்டே இருந்தது.

"காலியா இருந்தாலும் சென்சார்லேர்ந்து நாலு மில்லியாம்ப் கரண்ட் வரணும் சார். இதுல ஒண்ணுமே வரல."

"தொட்டியில ஒண்ணுமில்ல, அதான் வரல. சும்மா இரும்மா," என்றார் ஷிப்ட் பொறுப்பாளர் செண்பகராஜ்.

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. புதிதாகப் பொருத்திய மானியின் மெனுவைத் திறந்தாள். உள்ளீடு 0–20 மில்லியாம்ப் என்று இருந்தது. அப்படி வைத்தால் கம்பி அறுந்துபோனாலும் தொட்டி காலி என்றுதான் மானி சொல்லும். 4–20க்கு மாற்றினாள். பூஜ்யம் மறைந்து, 'சிக்னல் இல்லை' என்று சிவப்பில் மின்னியது.

செண்பகராஜ் எழுந்துவிட்டார். "அப்ப உள்ள எவ்வளவு இருக்கு?"

"யாருக்குமே தெரியாது சார்."

வாக்கிடாக்கியில் கூப்பிட்டும் அருளப்பன் எடுக்கவில்லை. ஜெனிட்டா ஓடினாள். தொட்டியடியில் குந்தியிருந்த அவர் பாதி போல்ட்டுகளைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்.

"அண்ணே, கையெடுங்க!"

"காலின்னுதான சொன்னாங்க?" என்று எரிச்சலோடு திரும்பினார். அப்போது மூடியின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, நூலாக வழிந்து, சிமெண்டுத் தரையில் ஆவி கிளப்பியது.

அருளப்பன் சட்டென்று மூடிப்பக்கம் திரும்பினார். ஒரு போல்ட்டை எடுத்து மறுபடி பொருத்தினார். ஜெனிட்டா அவரருகே மண்டியிட்டு அடுத்த போல்ட்டை எடுத்தாள்.