தோளை உதைக்காத தோட்டா

அந்தத் துப்பாக்கிக்குத் தன் குரல்மேல் அப்படியொரு கர்வம். ஒன்பது வருஷமாக, அது ஒரு தடவை வெடித்தால் போதும், காடே கிடுகிடுத்துப் போகும். மான்கள் நாலுகால் பாய்ச்சலில் ஓடி மறையும். வேட்டை என்றால் அதுதான் என்று துப்பாக்கி நம்பியிருந்தது. அது உதைக்கிற உதைக்குப் பயந்து வேட்டைக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வதையும், குண்டெல்லாம் மரங்களில் போய்ப் பதிவதையும் அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை தோள்வலி தாங்காமல் அவர் வெடிமருந்தைக் குறைத்துத் தன் கையாலேயே தோட்டா அடைத்திருந்தார்.

"பாதி வயிறுகூட நிரம்பலையேடா உனக்கு! உன்னை வெச்சு ஒரு முயலையாவது மிரட்ட முடியுமா? என் மானமே போகப்போவுது" என்று துப்பாக்கி எரிந்து விழுந்தது.

"எனக்கு மிரட்டத் தெரியாதுண்ணே" என்றது தோட்டா.

ஓடைக்கரையில் ஒரு புள்ளிமான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. உதை பலமாக இருக்காது என்ற தைரியத்தில் வேட்டைக்காரர் கண்ணைத் திறந்து வைத்தபடியே விசையை இழுத்தார். வறட்டு இருமல் மாதிரி ஒரு சத்தம். துப்பாக்கி வெட்கத்தில் குறுகிப்போனது.

மான் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது.

துப்பாக்கி காத்திருந்தது. மான் எழுந்திருக்கவில்லை.

"டேய், அது ஏன்டா ஓட மாட்டேங்குது?" என்றது துப்பாக்கி. "ஓடச் சொல்லுடா!"

கீழே விழுந்து கிடந்த வெற்றுத் தோட்டா, புகை அடங்காமல் துப்பாக்கியை நிமிர்ந்து பார்த்தது.

"ஏண்ணே, இத்தனை வருஷமா நம்ம வேலை என்னன்னு நெனச்சுக்கிட்டிருந்தீங்க?"