கால்வாய்ச் சண்டை

“போன வாரம் ஒடைஞ்ச மண்டையே இன்னும் ஆறல. இன்னைக்கும் கல்லெறியப் போறீங்களா?” தெருமுனைக் காவலரின் காதில் விழும்படி கணவரிடம் உரக்கக் கேட்டாள் பூருல்.

“அக்கரைத் தாஜிக் நாட்டுக்காரன் மிர்சோ நம்ம தண்ணிய மறிச்சுட்டான். ஆப்ரிகாட் மரமெல்லாம் காயுது. நான் டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?” கம்பளித் தொப்பியை அழுத்திக்கொண்டு கிளம்பினார் சகின்பெக்.

எல்லைக் கால்வாயின் இரு கரையிலும் மண்டைகள் உடைந்தன. மறுநாள் இரு நாட்டுப் படைகளும் வந்தன. பின்னாலேயே அமைச்சர்களும் வந்தார்கள். “ஒரு சொட்டுத் தண்ணீரும் விட்டுத்தர மாட்டோம்” என்று இக்கரை கிர்கிஸ் அமைச்சர் முழங்கினார். அக்கரை அமைச்சர் அதையே தம் மொழியில் முழங்கினார். கால்வாய்க்குள் எட்டிப் பார்க்க இருவருக்கும் நேரமில்லை. எல்லை மக்களின் வீரத்தை மெச்சித் தலைநகரங்கள் தண்ணீர் லாரிகளை அனுப்பின. மூன்று வருடம் கெஞ்சியபோது வராத லாரிகள்.

மரங்களுக்கு ஊற்றி முடித்ததும் சகின்பெக் போன் போட்டார்.

“மிர்சோ, ஒனக்கு எத்தனை லாரி வந்துச்சு?”

“ரெண்டுதான் அண்ணே. பாதி மரத்துக்குக்கூடப் பத்தல. ஒங்களுக்கு?”

“நாலு. எங்க பக்கம்தானே ரத்தம் ஜாஸ்தி.”

“கால்வாய் வத்தி மூணு வருஷமாச்சுன்னு ஒங்க அமைச்சருக்காவது தெரிஞ்சுதா?”

“அவர் எங்க குனிஞ்சு பாத்தாரு?”

பூருல் போனைப் பிடுங்கினாள்.

“தம்பி, ஒங்க அண்ணனுக்குக் குறி பத்தாது. வர்ற வாரம் நீங்க தலையை மட்டும் நல்லா நீட்டுங்க. நான் வந்து எறியறேன்.”